முகம் அழித்த செயலாளர்

முகம் கழுவுவோரை அறிவீர்கள். முகம் சுளிப்போரையும், காரியம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வோரையும் அறிவீர்கள். கோவையில் இப்போது புதிதாக ஓரினம் பெருகிவருகிறது. முகம் அழிப்போர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பயந்துவிடாதீர்கள், கத்தி கபடா எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். தங்கள் முகத்தைத் தங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டவர்கள், அவ்வளவுதான். அதை அவர்கள் அவ்வளவோடு விடமாட்டார்கள் என்பதுதான் ஊருக்கு வந்த வினை.

அடையாளம் காண்பது எளிது. நீங்கள் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்கிறீர்கள். அது உங்களைப் பார்த்துத் திறந்துகொள்கிறது. அந்த நொடியில் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வருகிறதா? அவர்தான். "ஏனுங்க, உங்க மூஞ்சி இப்ப எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று ஆரம்பிப்பார். கழுத்துக்கு மேலே என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் இரு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரம், மூக்கின் நீளம், தாடையின் வளைவு எல்லாம் எண்களாகி உட்கார்ந்திருக்கின்றன என்பார். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் திருடுபோனால் எந்தக் கடையில் போய் வேறு முகம் வாங்குவீர்கள் என்பார். நான்கு நாட்டுச் சட்டங்களையும் தான் படித்த ஏழு கட்டுரைகளையும் சரவணம்பட்டியில் பஸ் ஏறி காந்திபுரம் வருவதற்குள் சொல்லி முடித்து, இறங்கும் முன்பு உங்கள் கைப்பேசியை வாங்கி உங்கள் முகத்தையும் அழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

அவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவரிடம் சகிக்க முடியாத குணமே அதுதான்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்? நான்தான் அவர்.

என் முகத்தை நான் அழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செட்டிங்ஸ், பாதுகாப்பு, முகம், நீக்கு. நான்கே தட்டல். 'முகத் தரவு நீக்கப்படும். உறுதியா?' என்று கைப்பேசி கேட்டது. தடையை மீறிய ஊர்வலத்தில் முதல் அடி எடுத்து வைப்பவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழுத்தினேன். இந்தப் புரட்சியை உலகம் அறிய வேண்டாமா? பால்கனியில் நல்ல வெளிச்சமாகப் பார்த்து நின்று, முகத்தைப் படமெடுத்து, 'இன்று முதல் என் முகம் எனக்கே சொந்தம்' என்று எழுதி ஆறு வாட்ஸப் குழுக்களில் போட்டேன். அந்தப் படத்தில் கன்னம் சற்று ஒட்டியிருந்ததாகத் தோன்றியதால் ஏழாவது குழுவுக்கு வேறு படம்.

முகம் போன இடத்தில் கடவுச்சொல் வந்தது. எங்கள் இனத்தார் நான்கு எண்களில் அடங்குவதில்லை. பதினாறு எழுத்து. 'கேள்வி கேள்' என்ற அறிவுலகின் முதல் கட்டளையை ஆங்கில எழுத்தில் வைத்து, பின்னால் ஓர் ஆண்டையும் குறிகளையும் சொருகினேன். எந்த உளவாளியாலும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும்தான். பெட்ரோல் பங்க்கில் பணம் அனுப்பக் கைப்பேசியை எடுத்து, எழுத்தெழுத்தாக முணுமுணுத்து அடித்து, ஆறாவது எழுத்தில் தடுமாறி, மறுபடி ஆரம்பிக்கும்போது பின்னால் எட்டு வண்டி ஹாரன் அடிக்கும். "அண்ணா, ரொக்கமிருந்தாக் குடுத்துப்போடுங்களே" என்று பங்க் பெண் கெஞ்சுவாள். நான் அவளுக்கு முகத் தரவின் அபாயங்களை விளக்குவேன். ஹாரன் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும் என்று வருந்துவேன்.

இத்தோடு நின்றேனா? தொடர்புப் பட்டியலை நிறுவனங்கள் உறிஞ்சுகின்றன என்று படித்ததும் சேமித்த எண்களையும் அழித்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை என்பது கொள்கை. பட்டியலை அழித்த பிறகு எல்லா எண்ணும் தெரியாத எண் ஆகிவிட்டதால் கொள்கையைக் கடைப்பிடிப்பது மிகச் சுலபமாயிற்று.

இத்தனைக்குப் பிறகும், அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, 'இங்கே முகத்தைக் காட்டினால் நீங்கள் இருக்கும் படங்கள் எல்லாம் உங்களுக்கே வந்து சேரும்' என்று மண்டப வாசலில் பலகை வைத்திருந்தார்கள். தலையை வாரிக்கொண்டு போய் நின்றேன். நாற்பத்து மூன்று படங்கள் வந்தன. முப்பத்தொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் தொண்ணூற்றாறு வீடுகள். சங்கத்துக்கு நான் செயலாளர். இரண்டு சைக்கிள்கள் காணாமல் போனதும், வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் கருவி வைக்க முடிவாயிற்று. தலைவர் அழகிரிசாமி பீளமேட்டில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருப்பவர். கருவியின் திறப்பு விழாவுக்குப் பூசாரியை அழைத்து வந்தார். அந்த நல்ல மனிதர் தேங்காய் உடைத்து, கருவிக்குச் சந்தனம் பூசி, சரியாகக் கேமராக் கண்ணின் மேல் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் கருவிக்கு ஒருவரையும் தெரியவில்லை. நான் ஒரு வாரம் சிரித்தேன். கல்லுக்குப் பொட்டு வைப்பதையே கேள்வி கேட்கிறவன், கேமராவுக்கு வைத்தால் விடுவேனா?

"சிரிச்சது போதுமுங்க செக்ரட்டரி, நீங்கதான் நெறையாப் படிச்சவரு, ரூல்ஸ நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார் அழகிரிசாமி.

எழுதினேன். பதினோரு விதிகள். முதல் விதி: குடியிருப்போரின் முகம் பதிவு செய்யப்படாது, அவர்களுக்குத் தனி வாசல், தனிமனித உரிமை மீற முடியாதது. இரண்டாம் விதி: வீட்டு வேலை செய்வோர், ஓட்டுநர், பால்காரர் அனைவரும் முகம் பதிவது கட்டாயம். ஏழாம் விதி: காவலாளி தன் சொந்த அறிமுகத்தை ஆதாரமாகக் கொண்டு எவரையும் உள்ளே விடக் கூடாது. ஒன்பதாம் விதி: கருவிக்குத் தெரியாத ஆள் வந்தால் செயலாளரின் கைப்பேசிக்குக் கேள்வி போகும், இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் மறுக்கப்பட்டதாகப் பொருள். பத்தாம் விதி: மூன்று முறை மறுக்கப்பட்டவரின் அனுமதி ரத்து, மீண்டும் விண்ணப்பித்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

முதல் விதிக்கும் இரண்டாம் விதிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்ததே, அது யார் கண்ணிலாவது பட்டதா? தொண்ணூற்றாறு வீட்டிலும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சாமி சொன்னது என்றால் ஆதாரம் எங்கே என்று சட்டையைப் பிடிக்கிறவன் நான். கருவி சொன்னது என்றதும் கையெழுத்துப் போட்டு, லாமினேட் செய்து ஒட்டவும் செய்தேன்.

புவனா அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் வீட்டையும் சேர்த்து இங்கே நான்கு வீட்டில் ஆறு வருடமாக வேலை. அவள் குடும்பம் ஓடுவதே இந்த நான்கு வீட்டால்தான். ஒரு மாதம் உள்ளே வராவிட்டால் நான்கு வீடும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். அவளுக்கும் நான் முகம் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன்.

"ஏம்மா புவனா, உன் போன்ல முகம் வெச்சிருந்தா அழிச்சிடு."

"என்ற போனு நாலு தட்டு தட்டுனாத்தானுங்க சார் எந்திரிக்கும். மூஞ்சியப் பாத்தெல்லாம் எந்திரிக்காது."

சென்ற மாதம், மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்ததற்காகப் பழனிக்குப் போய் மொட்டையடித்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். விடுவேனா? "முடியக் குடுத்தா சீட்டு குடுப்பாங்களா?"

"குடுத்துட்டாங்களேங்க" என்றாள். மேலும் இருபது நிமிடம் விளக்கினேன். அதற்குள் அவள் இரண்டு அறைகளைத் துடைத்து முடித்துவிட்டாள்.

அவள் பழனிக்குப் போனாள். என் மனைவி லோகப்பிரியாவும் தம்பி வீட்டு விசேஷத்துக்குக் காங்கேயம் போனாள். நான் தனியாகக் கைப்பேசியைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கைப்பேசி கத்தியது. 'அறியப்படாத நபர் வாசலில் இருக்கிறார். அனுமதிக்கவா?' அனுமதிப்பதோ மறுப்பதோ, கைப்பேசியைத் திறந்தால்தானே? பதினாறு எழுத்தை அடித்தேன். தவறு. மறுபடி அடித்தேன். தவறு. முப்பது நொடி பொறுக்கச் சொன்னது. பொறுத்தேன். இரண்டு நிமிடம் முடிந்து, 'தானாக மறுக்கப்பட்டது' என்று வந்தது. தெரியாத எண் ஒன்று இரண்டு முறை அழைத்தது. கொள்கைப்படி எடுக்கவில்லை. கடைசியில் ஒருவழியாகத் திறந்ததும் சங்கக் குழுவில் எழுதினேன்: 'இன்று காலை அறியப்படாத நபர் ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டார். கருவி நன்றாக வேலை செய்கிறது.' பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். கைதட்டல் இருபத்திரண்டு. வீட்டில் பாத்திரம் குவிந்தது. 'மொட்டை போட்டதும் சொல்லாமல் விடுப்பு. மூடநம்பிக்கை மனிதனைப் பொறுப்பற்றவனாக்குகிறது' என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு ஆற்றிக்கொண்டேன்.

அன்று மாலை லோகப்பிரியா கூப்பிட்டாள். அவள் எண் மட்டும் எனக்கு மனப்பாடம்.

"ஏனுங்க, அறியப்படாத நபரப் புடிச்சுப் போட்டீங்களாமா? குரூப்ல பெருமை பொத்துக்கிட்டு ஊத்துது! அது நம்ம புவனாங்க! மொட்டத் தலையப் பாத்து மிசினுக்கு அடையாளம் தெரியலயாமா. ரெண்டு நாளா கேட்டுல நின்னு நின்னு திரும்பிப் போயிருக்கறா. உங்களுக்குப் போன் பண்ணுனா எடுக்கறதில்லயாமா. நாளைக்கு மூணாவது நாளு, தெரியுதுங்களா? ஆறு வருசமா நீங்க குடிச்ச காப்பித் தண்ணியெல்லாம் எந்த நபர் போட்டதுன்னு நெனச்சீங்க?"

புதன்கிழமை ஏழரை மணிக்கே வாசலுக்கு இறங்கிப் போனேன். புவனா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். துண்டை எடுத்துவிட்டுக் கருவியின் முன் நின்றாள். சிவப்பு விளக்கு.

"எனக்குத் தெரியுது அம்மணி. மிசினுக்குத் தெரியோணுமில்ல" என்றார் காவலாளி சென்னிமலை. அவளைப் பார்த்துச் சொன்னாரே தவிர, எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

"நான்தான் வந்திட்டனே, கேட்டத் தொறங்க" என்றேன்.

"அதெப்பிடீங்க சார் தொறக்கறது? ஏழாவது ரூல் உங்க கையெழுத்துலயே ஒட்டியிருக்குதுங்க. அப்பறமுங்க, இது சாவியில்லீங்க. உங்க போன்ல அமுக்குனாத்தான் தொறக்குமுங்க."

சட்டைப் பையில் கைப்பேசி கத்தியது. 'அறியப்படாத நபர் வாசலில் இருக்கிறார். அனுமதிக்கவா?'

அறியப்படாத நபர் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தேன். தவறு. மறுபடி அடித்தேன். தவறு. முப்பது நொடி பொறுக்கச் சொன்னது.

"சார், உங்க மூஞ்சியக் காட்டுனாத் தொறக்காதுங்களா?" என்றாள் புவனா.

"அழிச்சுட்டேம்மா."

"எதுக்குங்க?"

ஏழு கட்டுரைகள் படித்தவன், நான்கு நாட்டுச் சட்டம் தெரிந்தவன். கைப்பேசியில் நொடி குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, நானு சொல்றனுங்க, நீங்க அடிங்க" என்றாள். "மொதல்ல பெரிய கே. பொறவு சின்ன ஈ, எல்லு, வீ, ஐயி. மறுக்காப் பெரிய கே. நீங்க எப்பவும் அங்கதானுங்க சின்னது போட்டுப்போடுவீங்க. ஈ, எல்லு. வட்டத்துக்குள்ள ஏ. ரெண்டு, சைபர், ரெண்டு, நாலு. கம்பி வேலி. கேள்விக்குறி. கடைசில ஆச்சரியக்குறி."

திறந்துகொண்டது. ஒன்பது நொடி மிச்சம். 'அனுமதி'யை அழுத்தினேன்; கதவு விலகியது.

"உனக்கெப்படிம்மா இது தெரியும்?"

"தெனமும் சத்தமாச் சொல்லிச் சொல்லித்தானுங்க அடிக்கறீங்க. நானு கூட்டிக்கிட்டிருப்பேன், காதுல உழுகுமில்லீங்க. நாலாவது மாடி வரைக்கும் கேக்குமுங்க."

"எனக்கும் தெரியுமுங்க சார்" என்றார் சென்னிமலை, ரொம்ப மரியாதையாக.

புவனா உள்ளே வந்து, போகாமல் நின்றாள். "சார், உங்க மூஞ்சிய நாலு தட்டுல அழிச்சேன்னு சொன்னீங்க. என்ற மூஞ்சியவும் அந்த மிசின்லருந்து அழிச்சுப்போடுங்களே. எனக்கு எங்க அமுக்கறதுன்னு தெரியலீங்க."

எப்படித் தெரியும்? அவளுக்கு அப்படி ஒரு பொத்தானே இல்லை. அவள் முகத்தை அழிக்கும் பொத்தான் என் கைப்பேசியில் இருந்தது. அதை அங்கே வைத்தவனும் நானே. இந்த நாட்டில் யார் முகம் யாருடைய பையில் இருக்கிறது என்று மேடை மேடையாக முழங்கியவன், அறுபத்து மூன்று பேரின் முகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மாதமாகக் காய்கறி வாங்கப் போய்வந்திருக்கிறேன். அங்கேயே நின்று அவள் முகத்தை அழித்தேன். 'உறுதியா?' என்று கேட்டது. இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை.

அன்று மாலை அவசரக் கூட்டம். ஒரே தீர்மானம்: வைத்தால் தலைவர் முதல் பால்காரர் வரை எல்லார் முகத்தையும் வைப்போம், எடுத்தால் எல்லார் முகத்தையும் எடுப்போம்.

"ஏனுங்க செக்ரட்டரி, நாமெல்லாம் போயி அந்த மிசின் முன்னால வரிசையில நிக்கறதுங்களா?" என்றார் அழகிரிசாமி, நிஜமாகவே அதிர்ந்துபோய். "நம்பள என்ன நெனச்சுக்கிட்டீங்க?"

அவர் வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. தொண்ணூற்றாறு வீட்டுக்கும் தனிமனித உரிமையின் அருமை ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிட்டது. மறுநாள் கருவிக்கு மேல் அரிசிப் பை ஒன்று கவிழ்த்திருந்தது. மீதி அறுபத்திரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைப்பேசி உறுதியா என்று கேட்டது. இப்போது சென்னிமலை, தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள் என்று உள்ளே விடுகிறார். உலகம் இடிந்துவிடவில்லை. சைக்கிள் இரண்டும் மொட்டை மாடியில் கிடந்தன.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் முகம் இன்னும் கைப்பேசிக்குள் திரும்பவில்லை, பஸ்ஸில் இன்னும் பெருமூச்சு விடுகிறேன், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். "புதுசு கொஞ்சம் சுளுவா வைங்க சார், என்ற நெனப்புல நிக்கோணும்" என்றாள் புவனா. இப்போது பதினெட்டு எழுத்து. மனதுக்குள் சொல்லித்தான் அடிக்கிறேன். உதடு மட்டும் அசைகிறதாம்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கலாமா? கைப்பேசியை எடுத்து உங்கள் முகம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள், தெரியும். பாருங்கள், இருந்தால் அழியுங்கள், நல்ல காரியம்தான். அழித்த பிறகு ஒரு நடை கீழே இறங்கி, உங்கள் வாசலிலோ அலுவலகத்திலோ பட்டறையிலோ ஒரு கருவி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் முன்னால் கடைசியாக நீங்கள் நின்றது எப்போது?