கன்றுக்கு முதல் விசில்

திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை, பிறந்த கன்றுக்குட்டிக்காக ஒரு தெருவையே பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் விசில் அண்ணன்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டார்; விசிலை விடவில்லை. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

மயிலம் பக்கம் எங்கள் தெருவில் மாடு கன்று போட்டால், கன்று எழுந்து நிற்பதற்குள் அக்கம்பக்கம் சொம்போடு வந்து நிற்கும். சீம்பால்! வெல்லம், ஏலக்காய் போட்டு அவித்துத் தின்ன யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் கொட்டகை வாசலில் அண்ணன் நிற்பார். ஒரு நீள விசில். சொம்புகள் அப்படியே நின்றுவிடும்.

"இப்பதான் எறங்கி கீது கன்னு. அது வயிறு ரொம்பினப்புறம்தான் மத்தவங்க. சீம்பால் குடிக்காத கன்னுக்கு கழிச்சல் ஜல்தியா வந்துடும்!"

"இது இன்னா உங்க வீட்டு மாடா?" என்றார் என் மாமியார், எங்கள் மாடு சிட்டுவை ஈன்ற அன்று.

"நான் விசில் ஊதின பஸ்ஸு மட்டும் எங்கப்பா வாங்கினதாம்மா?"

சிட்டு குடித்து முடித்ததும் இரண்டு குட்டி விசில். சொம்புகள் நகர்ந்தன.

அத்தனை காவலுக்குப் பிறகும் சிட்டுவுக்குக் கழிச்சல் வந்தது. பால் வாளியை நான் கழுவிய லட்சணம் அப்படி. அண்ணனோ மகளைப் பார்க்கத் திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தார். கன்று துவண்டு படுத்தது. அதற்கு முன்பே நான் படுத்துவிட்டேன். படுத்தபடியே போன் போட்டேன். பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவர், ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா கலரு? ரத்தம் கீதா?"

"மஞ்சள்ணா. ரத்தம் இல்ல."

"தண்ணியாவா, கூழாவா?"

"யோவ், சாப்ட்டுக்கினு இருக்கோம்யா!" என்று பஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

"பால நிறுத்திட்டேண்ணா," என்றேன் பெருமையாக.

ஒரு நீள விசில். பஸ் கிறீச்சிட்டு நின்றதும் டிரைவர் திட்டியதும் எனக்கு இங்கே கேட்டது.

"பால ஏன்டா நிறுத்தின? கன்னு தெம்பு போயிடும். கொஞ்சம் கொஞ்சமா குடு. நடுநடுவுல காய்ச்சி ஆறவெச்ச தண்ணில உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ். ஈர வைக்கோல மாத்து. மொதல்ல மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணி அளவு கேட்டுக்கோ, பேஜாரு பண்ணாத!"

அளவு கேட்டுக் கலந்தேன். பதற்றத்தில் முதல் டம்ளரை நானே குடித்துவிட்டேன். டாக்டர் வந்து கன்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யாருக்கும்மா கழிச்சல்?"

"கன்னு தேறிடும் சார். இவர மொதல்ல பாருங்க," என்றாள் என் மனைவி.

அண்ணன் வந்து இறங்கியபோது சிட்டுவின் கண்கள் குழி விழுந்திருந்தன. அவர் கேலி பேசவில்லை. உடம்பில் நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று தோலைக் கிள்ளிப் பார்த்தார். துண்டை அதன்மேல் போர்த்திவிட்டு அருகிலேயே உட்கார்ந்தார். மறுநாள் சிட்டு தள்ளாடி எழுந்து வாளியை முட்டியது. அண்ணன் விசிலை வாயில் வைத்தார்; ஊத வரவில்லை. மூக்கைத்தான் உறிஞ்சினார்.

இப்போது அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். வளர்ந்து பசுவாகிவிட்ட சிட்டு இன்று காலை கன்று போட்டது. சொம்புகள் வந்தன. நான் விரலை மடித்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைக் கொட்டகை வாசலில் நீட்டினேன்.

ஒரு நீள விசில்.

சொம்புகள் நின்றன. சிட்டு காதைத் தூக்கித் தெருமுனையைப் பார்த்தது. நானும்தான் பார்த்தேன்.