ஆறு செவ்வாய்க்கிழமைகள்

"மணி அடிக்குதாம்" என்றாள் மனைவி, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு.

முதலாளி துள்ளி எழுந்தார். "திருடனா?"

"அதெல்லாம் தெரியலை. கடை பூட்டித்தான் இருக்காம், மணி மட்டும் கத்துதாம். பக்கத்துப் பல் டாக்டர் பேசறார். கோவமா பேசறார்."

முதலாளி என்று சொன்னது மரியாதைக்காகத்தான். திருட்டு மணி பொருத்தும் அந்த நிறுவனத்துக்கு வயது மூன்று மாதம். ஆபீஸ் என்பது அவர் வீட்டு முன்னறை. ஊழியர்கள் அவரும் மனைவியும். வாடிக்கையாளர் ஒரே ஒருவர், இரண்டு தெரு தள்ளிக் கடிகாரக் கடை வைத்திருப்பவர். பெயர்ப்பலகையில் மட்டும் 'கிளைகள்' என்று எழுதி, பக்கத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தது. லிஃப்ட் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு இதில் இறங்கிய நாளிலிருந்து, மாமனார் அவரிடம் மழை, வெயில் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

எல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரவேண்டிய ஒரு ஒப்புதல் கடிதத்தை நம்பித்தான். இன்ஷூரன்ஸ் அதிகாரி சொல்லியிருந்தார்: "உங்க மணியை ஆறு வாரம் கவனிப்போம். எத்தனை தடவை அடிச்சுதுன்னு நீங்களும் எழுதி வைங்க. எங்களுக்குத் திருப்தியா இருந்தா, எங்ககிட்ட இன்ஷூர் பண்ணின நானூறு கடைக்கும் உங்க மணிதான்." கடிதம் வராவிட்டால் பழையபடி லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்க வேண்டியதுதான். அவரை நம்பி டெலிபோன் ஆபரேட்டர் வேலையை விட்ட மனைவிக்கு இறங்க அதுவும் இல்லை.

முதல் வாரமே, கடைக்கு விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை மத்தியானம், மணி அடித்துவிட்டது.

தூறலில் ஓடினார். கடை வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கடிகாரக்கடைக்காரர் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். கடிகாரங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பின்பக்க ஜன்னல் சாத்தியபடி இருந்தது. ஒரு குண்டூசிகூடக் களவு போகவில்லை.

"பூனை" என்றார் முதலாளி, திருடன் வராத வருத்தத்தோடு. கூட்டத்தில் குடையும் கையுமாக நின்ற ஒல்லியான மனிதரிடம், "நீங்க பூனை ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பூனை எதுவும் உள்ளே போகலைங்க."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"நான் இங்கேதான் இருந்தேன்."

"பூனை போறது வர்றதெல்லாம் மனுஷன் கண்ணுக்குத் தெரியாது" என்று அவரை ஒதுக்கிவிட்டு, மணியோடு இணைத்திருந்த பின்ஜன்னல் ஸ்பிரிங்கை முறுக்கி இறுக்கினார். பூனை உரசினால் இனி அசையாது.

கடிகாரக்கடைக்காரர் மட்டும் பதறவே இல்லை. "மணின்னா அடிக்கத்தானே செய்யும்?" என்றார். அதை முதலாளி குத்தலாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் அடித்தது. இறுக்கிய ஸ்பிரிங் புண்ணியத்தில் நிற்கவும் இல்லை. முக்கால் மணி நேரக் கூச்சலில் பல் டாக்டர் கை தடுமாறி, ஒரு நோயாளியின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். அந்த நோயாளி வாயில் பஞ்சோடு வந்து முதலாளியைத் திட்டினார். பஞ்சு இருந்ததால் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே ஒரு மாதத்துக்குப் போதும்.

"லாரிதான்" என்றார் வீட்டுக்கு வந்து. "லாரி போனா அந்தத் தெருவே அதிருது."

மனைவி நோட்டைப் புரட்டினாள். "ரெண்டும் செவ்வாய்க்கிழமை. ரெண்டும் மூணு மணி. ஏங்க, நிஜமாவே யாராவது உள்ளே போயிருந்தா?"

"போயிட்டு ஒண்ணும் எடுக்காமலா வருவான்? மணி என்னாச்சுன்னு பாக்கப் போனானா?"

"ராத்திரியெல்லாம் பேசாமத்தானே இருக்கு?"

"ராத்திரி லாரி ஓடாது. நீ போனைப் பாரு. மெஷினை நான் பாத்துக்கறேன்."

அவள் நோட்டை மூடிவிட்டாள்.

ஜன்னலுக்கு ரப்பர் அடைத்தார். ஐந்து நிமிடத்தில் மணி தானாக நிற்க ஒரு விசையும் வைத்தார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை மணி ஐந்து நிமிடம் அடித்தது, சொன்னபடி நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடைசி மணி என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாத்தியார்களும்தான். தலைமையாசிரியை மட்டும் மழையில் நனைந்துகொண்டு முதலாளியைத் தேடி வந்தார்.

அவர் பேசி முடித்துப் போன பிறகு, குடைக்காரர் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டியபடி பக்கத்தில் வந்தார். "நல்ல சத்தம் சார்" என்றார். முதலாளிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பழைய வேலைக்கே போகணும்னா போயிடுங்க" என்றாள் மனைவி. "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை 'சர்வீஸ்' என்று சொல்லிக் கடைக்குப் போனார். பின்பக்க ஜன்னலுக்குப் போகும் ஒயரைக் கத்தரித்து, வெட்டு வாயில் அழகாக டேப் சுற்றினார். முன்கதவைத் திறந்து பார்த்தார், மணி ஒழுங்காக அடித்தது. போதும். கடிதம் கைக்கு வந்ததும் ஒயரை ஒட்டிவிடலாம். இன்னும் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ள மாட்டானா என்று திருடனை நம்பினார்.

செவ்வாய்க்கிழமைகள் சாதுவாகிவிட்டன. மனைவி நோட்டில் பெரிய பெரிய பூஜ்யமாக மூன்று போட்டாள். மாமனார், வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். முதலாளிக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை. மனைவி சந்தோஷமாக நோட்டைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். திருடனாக இருப்பது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

"மணி ரொம்ப அமைதியா இருக்கே சார்" என்றார் கடிகாரக்கடைக்காரர், வாட்டத்தோடு.

"அதுதான் சார் முன்னேற்றம்."

கடைக்காரர் பின்பக்க ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏழாவது வாரம் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி நோட்டையும் தன் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொத மூணு வாரம் அடிச்சிருக்கு. அப்புறம் மூணு வாரம் அடிக்கவே இல்லை."

"ஆமா சார்." முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆரம்பத்துல பூனை, லாரின்னு சின்னச் சின்னக் கோளாறு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்."

"எங்க ரிப்போர்ட்டும் அதேதான் சொல்லுது" என்று பெருமூச்சு விட்ட அதிகாரி, கதவுப் பக்கம் திரும்பி, "உள்ளே வாங்க" என்றார்.

குடையோடு அந்த ஒல்லி மனிதர் வந்தார்.

"இவரா?" முதலாளி பதறினார். "சார், இவர் சொல்றதை நம்பாதீங்க. கடை வாசல்லயே நிப்பார், ஒரு பூனையைக்கூடப் பாக்கத் தெரியாது இவருக்கு!"

ஒல்லி மனிதர் குடையை மூலையில் சாய்த்து வைத்தார். முதலாளியைவிட அவர்தான் அதிக வருத்தத்தில் இருந்தார்.

"ஆறு வாரமும் அந்த ஜன்னல் வழியா உள்ளே போனது நான்தான் சார், மொத மூணு தடவையும் உங்க மணி என்னைக் கரெக்டா புடிச்சுது, அதுக்கப்புறம்தான் நீங்க அதைச் சரி பண்ணிட்டீங்க."