மூன்றாம் பாகம் மன்னிப்பு

இனிமேல் ஒரு பழைய புத்தகம்கூட வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தேன். செய்ய வைத்தது யார் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

நான் இறையியல் கல்லூரி வாத்தியார். திறந்ததும் தும்மல் வராத புத்தகம் எனக்குப் புத்தகமே அல்ல. அலமாரி நிரம்பி, கட்டிலடி நிரம்பி, துணி துவைக்கும் மெஷின் மேலும் ஏறியபோதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

“இறையியல்னா வீடு பூரா இறைச்சு வைக்கிறதா?”

அன்றைக்குத்தான் சத்தியம். ஒன்பதாம் நாள் பழைய புத்தகக் கடைக்காரர் போன் செய்தார். பாவம், தண்டனை, மன்னிப்பு என்று மூன்று பாகமாக ஒரு நூல் உண்டு. பாவமும் தண்டனையும் என் கைவசம் இருந்தன. மன்னிப்புக்காகத்தான் பதினோரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தேன்.

ஓடினேன். வாங்கினேன். கூடவே இன்னும் நாலு ஒட்டிக்கொண்டு வந்தன.

“பையில என்ன?” வாசலிலேயே மறித்தாள்.

“பசங்களோட புத்தகம்மா. இரவல்.”

“வாத்தியாருக்குப் பசங்க இரவல் தர்றாங்களா?”

“காலம் மாறிப்போச்சு.”

நம்பிவிட்டாள்! அப்புறம் கை சும்மா இருக்குமா? மூன்றே மாதத்தில் முப்பத்தெட்டு இரவல். என் இறையியல் இரவலியல் ஆகிவிட்டது.

நேற்று சாயங்காலம் வந்து பார்த்தால் மேஜை மொட்டையாக இருந்தது.

“மன்னிப்பு எங்கே?” என்று அலறினேன்.

“எதுக்கு? என்ன தப்பு பண்ணினீங்க?”

“மூணாம் பாகம்!”

“கொடுத்தாச்சு. உங்க பசங்க நாலு பேர் வந்தாங்க. அடுத்தவங்க பொருளை எத்தனை நாளைக்கு வச்சுக்கிறது? எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டேன்.”

“அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“‘எங்களுதா?’ன்னு முழிச்சாங்க. ‘உங்க வாத்தியார்தான் சொன்னார், அவர் பொய் சொல்வாரா?’ன்னு கேட்டேன். வாங்கிக்கிட்டாங்க.”

சொல்வார் என்று வாத்தியாரே எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு மாணவர் விடுதிக்கு நடந்தேன்.

“வாங்க சார்! நீங்க வருவீங்கன்னு அம்மா இப்பத்தான் உங்க வீட்டுலேருந்து போன் பண்ணாங்க.”

அறைக்குள் ஜன்னல் திட்டு முழுக்க என் புத்தகங்கள். என் வகுப்பில் தவறாமல் தூங்குகிறவன் மன்னிப்பை மடியில் வைத்துக்கொண்டு முழித்திருந்தான்! அடிக்குறிப்பு ஒன்றுக்கு அர்த்தம் வேறு கேட்டான். தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

“தம்பி, அந்த மூணாம் பாகத்தை ஒரு வாரம் எனக்கு இரவல் தாயேன்.”

தலையைச் சொறிந்தான்.

“தரலாம் சார். ஆனா அம்மா கையெழுத்து இல்லாம உங்களுக்கு மன்னிப்பு கிடையாதாம்.”