பெண் பார்க்கப் போய் ரஷ்யாவில் மாட்டிக்கொண்டேன்

மாமனாராகப் போகிறவர் எதிரில் எந்த ஆண்மகனுக்கும் சொந்த அபிப்பிராயம் கிடையாது. அன்றைக்கு எனக்கு நாலு அபிப்பிராயம் இருந்தது. நாலும் எனக்குச் சொந்தமில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். ஸ்ரீரங்கத்தில் வாத்தியாராக இருந்த நான், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் கமலா. முன்பே ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்திருந்தேன். (அன்றோடு தூக்கம் போச்சு.) இந்த இடம் தட்டிப்போனால் சாமியாராகிவிடுவது என்று முடிவே செய்திருந்தேன்.

வழியில் அக்காவின் கணவர் உபதேசம் செய்தார். “மாப்ளே, பொண்ணோட அப்பாவுக்கு ரஷ்யான்னா உசுரு. அமெரிக்காவைத் திட்டு, காரியம் முடிஞ்சுடும்.”

காபி வந்ததும் ஆரம்பித்தேன். “ரஷ்யாக்காரங்களுக்கு அமெரிக்கான்னாலே ஆகாதுங்க. பணத்திமிர், கூத்து, கும்மாளம்...”

பெண்ணின் அப்பா நெற்றியைச் சுருக்கினார். “அப்போ தொழிற்சாலை கட்ட அமெரிக்க இன்ஜினீயரை ஏன் கூப்பிட்டாங்க? டிராக்டரை ஏன் வாங்கினாங்க?”

“அதைத்தாங்க சொல்ல வந்தேன். அமெரிக்க மெஷின்னா அவங்களுக்குக் கொள்ளை ஆசை.”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன் திரும்பினார். “ஏன் தம்பி, புரட்சி நடந்த கையோட அமெரிக்கப் பட்டாளம் அங்கே போய் இறங்குச்சே, அதை மறந்துட்டாங்களா?”

“எப்படிங்க மறப்பாங்க? இன்னிக்கும் வயிறு எரியுது.”

“இன்னிக்கு அமெரிக்காக்காரன் அனுப்பற லாரியையும் டின் கறியையும் வச்சுத்தானே சண்டையே போடறாங்க?” என்றார் அப்பா.

“ஆமாங்க, உயிர் சிநேகிதம்.”

அக்காவின் கணவர் என் காலை மிதித்தார். (மிதித்து என்ன பயன்? வண்டி குடை சாய்ந்தாயிற்று.)

கதவோரம் நின்ற கமலா வாயைத் திறந்தாள். “அப்பா, ரஷ்யாக்காரங்க நினைக்கிறதை இவரு சொல்லலை. நீங்க நினைக்கிறதைச் சொல்றாரு.”

மானம் கப்பலேறிய பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

“எனக்கு ரஷ்யாவும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாதுங்க,” என்றேன் அவளிடம். “உங்களைப் பிடிச்சிருக்கு. அது மட்டும்தான் தெரியும்.”

கமலா அப்பாவைப் பார்த்தாள்.

“நாம மட்டும் என்னப்பா? வெள்ளைக்காரனைத் திட்டிக்கிட்டே அவன் ரயிலுக்கு வேலை பார்க்கலையா? அவங்களுக்கும் அமெரிக்கா மேல ஆசையும் இருக்கும், ஆத்திரமும் இருக்கும். காலத்துக்கு ஒண்ணு மேல வரும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இவரு கடைசியாச் சொன்னது நிஜம்தான்னு தோணுது. எனக்குச் சம்மதம்.”

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், புடவை நன்றாயிருக்கிறது, குழம்பு பிரமாதம் என்று நான் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டால் போதும். கமலா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பாள்:

“இது எந்த வருஷத்து ரஷ்யாங்க?”