ஆறு கீய கீது சார்!

இல்லாத ஆற்றின் கரையில் விடுதி கட்டி, அதற்கு ஆட்களையும் வரவழைத்து, வந்தவர்களைக் குளிக்கவும் வைத்து அனுப்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஓல்டான்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதாவது இருக்கும். உத்திரமேரூர் வட்டாரத்தில் யாருக்கும் அது தெரியாது. உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் தலை நரைக்கும்வரை கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர்கள் ‘ஓல்டான்!’ என்று கத்துவார்களே, அதை இவர் கத்தினால் எதிரே வருகிற பஸ்ஸும் சேர்ந்து நிற்குமாம். கல்யாண மேடையில் தாலி கட்டி முடித்ததும் நாதஸ்வரக்காரரைத் திரும்பிப் பார்த்து ‘ரைட்!’ என்றார் என்று ஊரில் சத்தியம் செய்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு, திருப்புலிவனம் தாண்டி மண் பாதையில் திரும்பினால் வருகிற தன் கொல்லைமேட்டில், செய்யாற்றின் கரையோரமாக, ஒற்றை அறைக் குடில் ஒன்றைக் கட்டினார். சவுக்குக் கட்டைச் சுவர், தகரத்தின் மேல் ஓலை. ஜன்னல்கள் மட்டும் உடைத்து விற்ற பஸ்ஸிலிருந்து வந்தவை. அவற்றைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும், மூட மழை வந்தால் போதும், தானே விழும். கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்ற எழுத்துகூட அழியாமல் இருந்தது. வெளியே அசையாமல் நிற்கிற புளியமரத்துக்குப் பயந்து யார் தலையை உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்று சிரித்துக்கொண்டே நான் எட்டிப் பார்த்தேன். மரத்தில் தேன்கூடு இருந்தது. அதன்பிறகு நான் எந்த அறிவிப்புப் பலகையையும் கிண்டல் செய்வதில்லை.

குடிலை இணையத்தில் ஏற்றியவன் அவருடைய ஒரே மகன் பாபு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளம் வந்த வருஷத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தான். கரை ததும்ப செய்யாறு, பின்னால் பனைமரங்கள், பார்த்தாலே குளிரும். அதை நம்பித்தான் நானும் முதல்முறை போனேன். போய் நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். நடுவில் இரண்டு ஆடு.

"ஆறு எங்கேங்க?" என்று கேட்டேன்.

"கீது சார்."

"எங்கே இருக்கு?"

"கீய கீது."

கீழே இருக்கிறதாம். சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கினார். அங்கே முகர்ந்து, இங்கே மிதித்து, ஓரிடத்தில் நின்று ‘ஓல்டான்!’ என்று தனக்குத் தானே கத்திக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு குழி. அதற்குள் நாலு பக்கமும் மணலிலிருந்து கசிந்துகொண்டு தண்ணீர் வந்தது. முதலில் கலங்கல், அப்புறம் கண்ணாடி. ஒவ்வொரு விருந்தாளிக்கும் புதுக் குழி. ஒருவர் குளித்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். அந்தக் குழியில் கழுத்துவரை உட்கார்ந்துகொண்டு, சாயங்கால வெயிலில் பஞ்சுருட்டான் குருவிகள் பூச்சி பிடிப்பதைப் பார்த்த அந்த முதல் நாளே நான் அவருக்கு அடிமையாகிவிட்டேன்.

அடிமை என்றால் சும்மா இல்லை. அங்கே சட்டதிட்டம் அதிகம். விருந்தாளி என்ற சொல்லே கிடையாது, எல்லாரும் டிக்கெட், குடில்தான் வண்டி. "இன்னிக்கி எத்தினி டிக்கெட் சார்?" என்பார். வாசற்படியில் உட்காரக் கூடாது. "படில குந்தாதீங்க சார், உள்ள காலியாத்தான கீது?" வராந்தாவில் பஸ் சீட்டு ஒன்று போட்டிருந்தார். நல்ல மெத்து மெத்தென்ற சீட்டு. ஆசையாக உட்கார்ந்தேன்.

"எயுந்திருங்க சார். லேடீஸ் சீட்டு."

"இங்கே லேடீஸ் யாருமே இல்லையேங்க. நாலு கிலோமீட்டருக்கு நானும் நீங்களும்தான்."

"நடுவுல ஏறுவாங்கோ."

அவர் மனைவி இருந்தவரை அதில்தான் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாராம். அதை அவர் சொல்லவில்லை, பாபு சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பறவைகளைப் பற்றி அவருக்கு இருந்த ஞானத்துக்கு அளவே இல்லை, அதில் ஒன்றுகூட உண்மையும் இல்லை. மீன்கொத்தி அவருக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர், ஏனென்றால் எங்கிருந்து வந்து குதிப்பான் என்று தெரியாது. ஆள்காட்டிக் குருவி, செக்கிங் வருவதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிற எதிர் பஸ் டிரைவர். ஒருநாள் பெரிய நாரை ஒன்று வந்து நின்றது.

"இது ஆஸ்திரேலியா கொக்கு சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இங்கிலீஷ்ல கத்துது பாருங்க."

காது கொடுத்துக் கேட்டேன். ஏதோ கேட்டதுபோலத்தான் இருந்தது.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த குடிலுக்கு ஒரு தலைவலி இருந்தது. அது பாபு போட்ட கெடு. மனைவி போன மறு வருஷம் ஓல்டானுக்குக் கடும் ஜுரம் வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கொல்லைமேட்டில் போன் சிக்னல் கிடையாது. பால் வாங்க வரவில்லையே என்று பால்காரர் வந்து பார்த்ததால் பிழைத்தார். அன்றைக்கே பாபு, "குடிலைப் பூட்டு, என்னோட வந்துடு நைனா" என்றான். அப்பன் மாட்டேன் என்றார். கடைசியில், வருகிற சித்திரைவரை ஆட்கள் ஒழுங்காக வந்து போனால் இருக்கலாம், நாலு மனுஷர் கண்ணாவது அவர் மேலே இருக்கும்; குடில் காலியாகக் கிடந்தால் மூட்டை கட்ட வேண்டும் என்று பேச்சு. ஓல்டானுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சென்னையில் ஏழாவது மாடியாம். "கீய எறங்கறதுக்குள்ள நான் எங்க போவணும்னு கெளம்பனேன்றதே மறந்துடும் சார்" என்பார்.

ஆட்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கெடுத்தது ஒரு சினிமா டைரக்டர்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மறுநாள் அவருடைய புதுப்படம் வெளிவருகிறது. படபடப்பு தாங்காமல், போனே எடுக்காத இடமாகப் பார்த்து வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார். வந்திருப்பது பெரிய மனுஷர் என்று ஓல்டானுக்கு ஏக குஷி. காலையில் அவர் எழுவதற்குள் குழி தயாராக வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாக இறங்கிவிட்டார். இங்கே நான் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஊற்றில் தண்ணீர் வந்தால் ஊரில் எல்லாரும் ஊறிடுச்சு என்பார்கள். ஓல்டான் ஒருவருக்கு மட்டும் அது ‘ஊத்திக்கிச்சு’. ஊத்து வந்தால் ஊத்திக்கிச்சு, இதில் என்ன தப்பு என்பது அவர் இலக்கணம்.

அறையை டைரக்டருக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்துக் களத்துமேட்டில் படுத்திருந்த நான், அன்றைக்கு அங்கேயே பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்குள்ளிருந்து இரண்டு பஸ்ஸை நிறுத்துகிற அந்தக் குரல் வந்தது.

"சார்! ஊத்திக்கிச்சு சார்! ஊத்திக்கிச்சு!"

டைரக்டர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யார்யா சொன்னா? அதுக்குள்ள ரிசல்ட்டு வந்துடுச்சா?"

"யாரு சொல்லணும்? நானே கண்ணால பாத்துக்கினு கீறேன். ராத்திரியே நெனச்சேன் சார், இது கண்டிப்பா ஊத்திக்கும்னு."

"மொத்தமாவா?"

"அடிவரிக்கும் சார்! இப்டி ஊத்திக்கினத நான் பாத்ததே இல்ல. ஊரே வந்து பாக்கும் பாருங்கோ!"

டைரக்டர் வராந்தா பஸ் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். லேடீஸ் சீட்டு என்று சொல்ல ஓல்டான் கரையேறி வந்துகொண்டிருந்தார். நான் வாயில் நுரையோடு ஓடி விளக்கம் சொல்வதற்குள் கார் மண் பாதையில் புழுதி கிளப்பிவிட்டது. படம் அன்றைக்கு நிஜமாகவே ஊத்திக்கொண்டது தனிக்கதை. அவர் இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினார்: ‘இடம் நன்று. வாய் நன்றல்ல.’ பெரிய இடத்து வார்த்தை என்பதால் ஊரெல்லாம் பரவியது. அதன்பிறகு ஆள் வரத்து நின்றுபோனது.

சித்திரை பிறந்தது. ஒருநாள் ஓல்டான் எனக்குப் போன் செய்தார். சிக்னலுக்காக மெயின் ரோடுவரை நடந்து வந்து பேசுகிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"சார், ஞாயித்துக்கெயமை பையன் வேன் எட்த்துக்கினு வரான். வண்டி காலியா கீதுன்னு தெரிஞ்சா பூட்டிடுவான். நீங்க வந்து சும்மா குந்திக்கினு இருங்கோ. கூட்டமா காட்டுங்கோ."

ஒரே ஆள் எப்படிக் கூட்டமாகத் தெரிவது என்று நான் கேட்கவில்லை. போனேன். நாலு சட்டையைக் கொடியில் போட்டுக் காயவைத்தேன். வேறு என்ன செய்ய?

பாபு வந்தான். பின்னால் மூட்டை ஏற்ற ஒரு வேன். கொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "எல்லாம் உங்க சட்டைதானே சார்?" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஓல்டான் சண்டை போடவில்லை. "வரேன்டா. ஒரு தபா ஆத்துல குளிச்சிட்டு ஏறு, போலாம்" என்று மண்வெட்டியை எடுத்தார்.

வெயில் கொளுத்துகிறது. முதல் குழியில் வெறும் மணல். இரண்டாவது குழியில் இன்னும் ஆழம் போயும் ஈரம்கூட இல்லை. அப்படி நான் பார்த்ததே கிடையாது. நானும் ஒரு கை கொடுத்தேன், என் முதுகு ஏற்கெனவே பழுதான முதுகு, கொஞ்ச நேரத்தில் என்னையே தூக்க ஆள் தேவைப்பட்டது. மூன்றாவது குழியில் ஓல்டான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  

"வுடு நைனா, எயுந்திரு" என்று பாபு ஷூவோடு குழிக்குள் இறங்கி அவரைக் கையில் பிடித்துத் தூக்கினான். தூக்கியவன் அவர் கையைத் தடவிப் பார்த்தான். "இன்னா நைனா, இப்டி எளச்சிப் போயிட்ட?"

"இன்னும் ரெண்டு மம்புட்டி போட்டா கீய கீதுடா."

"இல்ல. இங்க ஒண்ணும் இல்ல. இல்லன்னு நான் காட்றேன் பாரு, குடு!" என்று மண்வெட்டியைப் பிடுங்கினான்.

அவ்வளவு கோபத்தோடு ஒருவன் மண் வெட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பேச்சு. "ஜுரத்துல கெடந்தியே, எனக்கு யாரு சொன்னா? பால்காரன் சொல்றான்! போன் அடிச்சா எடுக்க மாட்ட. ஆபீஸ்ல குந்திக்கினு, உசுரோட கீறியா இல்லியான்னு நெனச்சிக்கினு இருக்கணும். அம்மா இருந்தா உட்டிருப்பாளா? நீ மட்டும் இங்க குந்திக்கினு ஆறு கீது, ஆறு கீதுன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. குனிந்து பார்த்தான். ஷூ நனைந்திருந்தது.

தண்ணீர் மெல்ல, அவன் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு ஏறியது. பாபு மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றான். கத்தப் போகிறார் என்று நான் ஓல்டானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மிகச் சின்னக் குரலில், "கால எட்த்துடாத. இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை அப்பனும் பிள்ளையும் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் நாலு சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். வேன் வந்தபடியே காலியாகத் திரும்பிப் போனது. தினம் காலையில் ஓல்டான் ரோட்டுமேட்டுக்கு ஏறி வந்து, ‘வண்டி கெளம்பிடுச்சு’ என்று மகனுக்குப் போன் செய்ய வேண்டும். இது புது ஒப்பந்தம். ஒருநாள் தப்பினாலும் அடுத்த பஸ்ஸில் பாபு வந்து நிற்பான்.

போன மாதம் எனக்கு வீட்டில் ஒரே எரிச்சல். மேலே வீடு இடிக்கிறார்கள், கீழே ரோடு தோண்டுகிறார்கள். பையைக் கட்டி வைத்துவிட்டு, காலையில் அவர் ரோட்டுமேட்டில் இருக்கிற நேரம் பார்த்து, சனிக்கிழமை வருகிறேன் என்று ஓல்டானுக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷத்தில் எப்போது கேட்டாலும், "வாங்க சார், வண்டி காலியாத்தான் கீது" என்பவர், அன்றைக்குத் தயங்கினார்.

"இந்த வாரம் வராதீங்க சார்" என்றார். "எடம் இல்ல. என் புள்ள வரான்."

கட்டிய பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். மேலே இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.