சண்டை சேரின் ஆங்கில வகுப்பு

மாத்தளையில் யாராவது ஆங்கிலத்தில் சண்டை போடுவதைக் கேட்டால், அவர் சண்டை சேரிடம் படித்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சேருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், ஞாயிறு காலையில், பெரியவர்களுக்கான வகுப்பு. மருந்துக்கடையில் வேலை செய்யும் நான் போய்ச் சேர்ந்த அன்று, என்ன புத்தகம் வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"புக்கெல்லாம் எதுக்குங்க? பயந்தவனுக்கு இங்கிலீஷ் வராது. கோவம் வந்தா தானா வரும்."

அவருடைய கற்பித்தல் முறை முழுவதும் அவ்வளவுதான். எங்களை இருவர் இருவராக நிறுத்துவார். ஒருவர் பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட் பிடித்தவர். மற்றவர் அந்தக் கைக்குட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டவர். சேர் விசில் ஊதியதும் சண்டை தொடங்கும். பிழை விட்டால் திருத்தமாட்டார், குரல் தாழ்ந்தால் மட்டும் பாய்ந்து வருவார். 'சொரி' என்ற வார்த்தைக்கு வகுப்பில் முற்றாகத் தடை.

முதல் வாரமே கீழ்க்கடை முதலாளி இரும்புக் கம்பியோடு மேலே ஓடி வந்தார்.

"யா அல்லாஹ்! யார் சேர் யாருக்கு அடிக்கிற?"

"ஒண்ணுமில்ல முதலாளி, ரெண்டாம் பாடம் நடக்குது."

வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில். ஒருவரை ஒருவர் திட்டிக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். வகுப்பிலிருந்த நேர்ஸம்மா என்னைத் திட்டி அனுப்பியதை என் மனைவி கேட்டுவிட்டாள். குடும்பம் முடிந்தது என்று நான் நடுங்க, அவள், "நானும் இந்த கிளாஸுல சேரலாமாங்க?" என்றாள்.

சேரையே தோற்கடித்தவர் மல்லிகா மட்டும்தான். எல்கடுவைப் பக்கத் தோட்டத்திலிருந்து வருவார், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"நான் ரொம்ப கெட்டவன். திட்டுங்க மல்லிகா!"

"எப்படி சேர் திட்டுறது? நீங்க தங்கமான மனுசன்."

சேர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காரணம், அந்த வாரம் மல்லிகாவுக்கு நேர்முகப் பரீட்சை. அலுவிகாரைக்குப் பக்கத்தில், மிளகும் கராம்பும் கொக்கோவும் வளர்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் தோட்டமொன்றில் வழிகாட்டி வேலை.

"இது கெடைக்கலன்னா வீட்டு வேலைக்கு குவைத் போகணும் சேர். புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போறது?"

நேர்முகப் பரீட்சை அன்று சேர் என்னையும் அந்தத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வந்திருக்கும் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுவதுதான் பரீட்சை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு வெள்ளைக்காரர் கூட்டத்தோடு கலந்துவிட்டார். மல்லிகா மிளகுக் கொடியடியில் நின்று ஏதோ முணுமுணுத்தார். பயணிகள் போனைப் பார்த்தார்கள். மனேஜர் கொட்டாவி விட்டார்.

சேர் கையை உயர்த்தினார். மிளகு பறிப்பதெல்லாம் ஒரு வேலையா, சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

மல்லிகாவின் அம்மா மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கால் ஊனமானவர். சேருக்கு அது தெரியும்.

எதிரில் நிற்பது யார் என்பதையே மல்லிகா மறந்துவிட்டார். எந்த மழைக்குக் கொடி பூக்கும், எப்போது பறிக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சேரை ஒரு கொக்கோ மரம்வரை பின்வாங்க வைத்தார். இலக்கணம் நொறுங்கியது. ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. பயணிகள் கைதட்டினார்கள். மனேஜர் அங்கேயே வேலையைக் கொடுத்தார். கையோடு, தொப்பிக்காரரை வெளியே தள்ளும்படி வாச்சருக்கு உத்தரவும் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சேர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"கடைசியா என்னமோ சொன்னாங்களே, என்னது? பயத்துல எனக்கு சரியா கேக்கல."

"'படிக்காத மனுசா, ஏணியில ஏறிப் பாத்துட்டு வந்து பேசு'ன்னாங்க சேர்."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான்."

மாத்தளை வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவர் போலச் சிரித்தார். நானும் சலிக்காமல் சொன்னேன். அந்த மனிதர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே மாத்தளையைத் தாண்டிக் கண்டிவரைகூடப் போயிருப்பேன்.