மனந்திரும்ப இரண்டு பேனா

விட்டுப்போன பதினொரு நாளுக்கும் ஒரே நீலத்தில் டிக் போட்டால், மாலையில் வரப்போகும் போதகருக்குச் சந்தேகம் வரும் என்பது ஆறாவது கட்டத்தில்தான் வீட்டுக்காரருக்கு உறைத்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ‘ஒரு வருடத்தில் வேதாகமம்’ அட்டவணையை விட்டு நகராமலே, ஒரு கறுப்புப் பேனா எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

“மனந்திரும்புறது இருக்கட்டும். பக்கத்தையாவது திருப்பினீங்களா?”

உள்ளம்தான் முக்கியம் என்றார் அவர். வேதாகமத்தில் எண்ணாகமம் என்ற புத்தகம் முழுவதையும் கட்டங்களை எண்ணியே கடந்தவர். அவள் பதில் பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போவதையெல்லாம் தன் வெற்றி என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

தொழிலும் அப்படி. அலுவலகங்களில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர்களைச் சோதிக்கும் வேலை. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து வருடத்தில் பார்ப்பது குறைந்து, கையெழுத்து மட்டும் அழகாகிவிட்டது.

சபையில் வேதபாட வகுப்புக்குத் தலைவர் தேவைப்பட்டது. வருடம் முழுக்க வாசித்து முடித்தவருக்குத்தான் அந்தப் பதவி. இதுவரை அவருடைய சகலை வகித்து வந்தார். சகலைக்கு வேலை மாற்றம் வந்ததும், ஆண்டவர் வழி திறந்துவிட்டார் என்று இவர் கண் கலங்கினார்.

நான்கு மணிக்குப் போதகர் வந்தார். தேநீர் குடித்தார். இரண்டு வண்ண டிக்குகளைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு அட்டவணைகூட இவ்வளவு ஒழுங்காக இல்லை என்று மகிழ்ந்தார். தலைவர் பதவிக்கான படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எழுதுமுன் சில வசனங்கள் வாசிக்கலாமே, புலம்பல் மூன்றாம் அதிகாரம் எடுங்கள் என்றார்.

இவர் தன் வேதாகமத்தின் உறை ஜிப்பைத் திறந்தார். தங்க விளிம்புத் தாள்கள் அச்சகத்தில் ஒட்டியவை ஒட்டியபடியே இருந்தன. திறந்தால் நாற்பது தாள் ஒரே பலகையாக வந்தது. பிரித்தால் பட்டையை உரிப்பதுபோல் சத்தம். பழைய ஏற்பாட்டில் இருக்கும் புலம்பல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் புதிய ஏற்பாடு வரைக்கும் போய்த் திரும்பினார். வாசிப்பதைவிட, தேடியதே நல்ல புலம்பலாக இருந்தது.

“புதுசா தம்பி?”

“ஆமாய்யா. பழசு வாசிச்சு வாசிச்சே கிழிஞ்சு போச்சு.”

பொய் இவ்வளவு நன்றாக வந்ததும் நிறுத்த மனம் வரவில்லை. அந்தப் பழையதன் ஓரங்களில் பென்சிலால் தன் பாவங்களைக்கூடக் குறித்து வைப்பதாகச் சேர்த்துக்கொண்டார். போதகர் அதைப் பார்க்க ஆசைப்பட்டார்.

இவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன்பே மனைவி கொண்டுவந்துவிட்டாள். அது அவளுடைய வேதாகமம். அட்டை போயிருந்தது. முதுகில் துணி ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்துக்குள் விரலை நுழைத்தபடியே நீட்டினாள்.

போதகர் முதலிலிருந்து புரட்டி ஓரங்களை வாசித்தார். “‘இன்றும் எரிந்து விழுந்தேன். மன்னியும்.’ ‘குறட்டைச் சத்தத்தில் பொறுமை போயிற்று. மன்னியும்.’”

யாருடைய குறட்டை என்று கேட்டார். இவர் கண்ணால் மனைவியைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள். போதகர் நெகிழ்ந்துபோய், அவள் விரல் வைத்திருந்த பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

“‘இந்த வீட்டில் ஒருவர் பொய் எழுதுகிறார். பேனா எடுத்துக் கொடுத்தது நான். ஆண்டவரே, இருவரையும் மன்னியும்.’” அவர் நிமிர்ந்தார். “இன்னைக்குத் தேதி போட்டிருக்கு. யாரு தம்பி அந்த ஒருத்தர்?”

அதை எழுதியது தான்தான் என்று இவர் சொன்னால், பொய்க்காரி மனைவி ஆவாள். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், படிவம் நிரம்பிவிடும். குறட்டையை ஏற்றுக்கொண்டவள் இதையும் ஏற்றுக்கொள்வாள். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது.

“சொல்லுங்க. கேக்குறார்ல” என்றாள்.

“நான்தான்யா. பேனா கொடுத்தது அவ. புத்தகமும் அவளோடது.” கொஞ்சம் பொறுத்து, “குறட்டையும் என்னோடதுதான்” என்றார்.

போதகர் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த டிக்குகளை இன்னொரு முறை பார்த்தார். நாளைக்குச் சபையில் சாட்சியாக இதையே சொல்லுங்கள், ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம் என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுப் படிவத்தில் நிரப்பினார். வகுப்பு இந்த வீட்டில்தான், தினமும் காலை ஆறு மணிக்கு. முதல் மாணவர் யார் என்று அவர் கேட்கவே இல்லை, இவர் பெயரையே எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு, அட்டவணையை என்ன செய்வது என்று இவர் மெல்லக் கேட்டார்.

“கழட்டிடுங்க. என் வகுப்புல டிக் கிடையாது. கேள்விதான்.”

அவள் புலம்பல் மூன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவர் போதகர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்துப் போய், குழாயைத் திறந்து கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.